வாய்தா: வாக்குறுதியாக இருந்த சொல்

கேள்வி: குடும்ப வழக்கில் எப்போது போனாலும் 'வாய்தா' என்கிறார்களே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தேதியை நாமே கேட்டு வாங்க முடியுமா?
– ஒரு வாசகி, அச்சன்புதூர்

பதில்: வாய்க்கும் வாய்தாவுக்கும் உறவில்லை. வாக்குக் கொடுப்பதைக் குறிக்கும் அரபுச் சொல் இந்துஸ்தானியில் 'வாதா', 'வாய்தா' என இரண்டு உருவம் எடுத்தது. ஜமாபந்தி, கிஸ்தி, அமீனா, வக்கீல் எல்லாம் வந்த கச்சேரி வழியிலேயே வாய்தாவும் நம்மூருக்கு வந்தது. "இன்ன தேதிக்குள் கட்டிவிடுகிறேன்" என்று சொல்லி வாங்கும் கெடுவும் வாய்தாதான். வடக்கே முன்பேர வணிகத்தை இன்றும் 'வாய்தா பஜார்' என்பார்கள். வாக்குறுதியாக இருந்த சொல், கோர்ட்டில் தள்ளிவைப்பதற்குப் பெயராகிப்போனது எனக்கு உறுத்துகிறது.

தேதி குறிப்பவர் நீதிபதி. மனுவுக்கு நம்பர் ஆனதும் எதிர்மனுதாரருக்கு முதல் தேதியோடு நோட்டீஸ் போகும். அது சார்வு ஆகாமல் திரும்பினால் மறுபடி நோட்டீஸ், மறுபடி வாய்தா. பல மாதங்கள் இங்கேதான் கரைகின்றன. ஆகவே சரியான முகவரியைக் கொடுங்கள். அடுத்தது சமரசம். 1984-ம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9-வது பிரிவு, முதலில் இணக்கத்துக்கு முயலச் சொல்கிறது. அதற்கு வழியிருந்தால் வழக்கைத் தள்ளிவைக்கவும் இடமுண்டு. எனவே எல்லா வாய்தாவும் இழுத்தடிப்பு அல்ல.

நீங்களும் கேட்கலாம். குறித்த தேதிக்கு முன்பே விசாரிக்கக் கோரி, காரணத்தையும் ஆதாரத்தையும் வைத்து மனுப் போட வேண்டும். வக்கீல்கள் 'அட்வான்ஸ் ஹியரிங் பெட்டிஷன்' என்பார்கள். இந்து திருமணச் சட்டத்தில் வழக்கு என்றால் இரண்டு பிரிவுகளை அதில் எழுதச் சொல்லுங்கள். எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் சேர்ந்த 6 மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது 21பி. இடைக்கால ஜீவனாம்ச மனுவை இயன்றவரை 60 நாளில் முடிக்கச் சொல்கிறது 24. கட்டாயக் கெடு இல்லைதான். ஆனாலும் கேட்பவருக்கு அது பிடிமானம்.

கணவர் வெளியூரில் இருக்கிறார் என்பதற்காக அங்கே அலைய வேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டத்துக்கு 2003-ல் வந்த திருத்தத்தின்படி, மனைவி தான் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். குடும்ப நீதிமன்றம் இல்லாத பகுதிகளில் சார்பு நீதிமன்றம் விசாரிக்கும்.

வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைய கூலியை விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் முன், தேதி மாறியிருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் செயலியில் பார்த்துவிடலாம்.