நீரில் நடந்து நிலத்திற்குத் திரும்புதல்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரை அச்சுறுத்துவது வலி மட்டுமன்று. காலை ஊன்றினால் விழுந்துவிடுவோமோ என்னும் தயக்கமும் ஆகும். தயங்கி அசையாதிருந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், நடப்பது மேலும் கடினமாகும். இச்சுழலிலிருந்து மீள உதவும் வழிகளுள் ஒன்று, ஹைட்ரோதெரபி எனப்படும் நீர்ப்பயிற்சி.

இதன் அடிப்படை நீரின் மிதப்பு விசை. தொப்புள் அளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழப் பாதியையே தாங்குகின்றன. மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கு. அதாவது, 60 கிலோ எடையுள்ளவரின் கால்கள் கழுத்தளவு நீரில் சுமார் 6 கிலோவை மட்டுமே சுமக்கும். நீரின் அழுத்தம் கால் வீக்கம் வடியத் துணைபுரிகிறது. நீரைத் தள்ளி நகர்வதால் தசை வலுப்பெறுகிறது. சிகிச்சைக் குளத்து நீர் பொதுவாக 33 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருப்பதால் இறுகிய தசைகள் தளர்கின்றன. நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நீர்ப்பயிற்சிக்கு எல்லையும் உண்டு. பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1921இல் போலியோ எனக் கண்டறியப்பட்ட நோயால் கால்களின் வலிமையை இழந்தார். 1924 முதல் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், வெதுவெதுப்பான ஊற்றுநீரில் பயிற்சி செய்தார். 1926இல் அவ்விடத்தையே விலைக்கு வாங்கிப் பிற நோயாளிகளுக்கும் பயன்படச் செய்தார். எனினும், தரையில் துணையின்றி நடக்க அவரால் இறுதிவரை இயலவில்லை. இழந்த நரம்பை நீர் மீட்டுத் தராது. எஞ்சிய வலிமையை வளர்க்கவே உதவும்.

நீர் தாங்கும் எடை, கடன் போன்றது. தவணை முறையில் திருப்பிச் செலுத்தியாக வேண்டும். வலிமை கூடக்கூட ஆழம் குறைந்த நீருக்கு வந்து, இறுதியில் தரையில் நடக்கப் பழகவேண்டும். நீரில் எளிதாக நடந்தவர் அன்றே கைத்தடியை விட்டுவிடலாகாது.

காயம் முழுவதும் ஆறாதவர், காய்ச்சலோ தோல் தொற்றோ உள்ளவர், கட்டுப்படாத வலிப்பு நோயோ இதயச் செயலிழப்போ உள்ளவர் குளத்தில் இறங்குதல் கூடாது. மற்றவரும் மருத்துவரின் ஒப்புதலுடன், பிசியோதெரபிஸ்டின் கண்காணிப்பில் மட்டுமே தொடங்க வேண்டும்.

செலவையும் முன்கூட்டியே திட்டமிடுங்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் எத்தனை நாள்வரை சிகிச்சைச் செலவை ஈடுசெய்யும், பிசியோதெரபி அதில் அடங்குமா என்பவற்றை உங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் பாருங்கள். மருத்துவரின் எழுத்துப்பூர்வமான பரிந்துரையையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.