வேலையும் ஒரு மருந்துதான்

சிகிச்சையில் உடம்பு தேறிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு சும்மா கிடக்கும் பொழுதுதான் ஆளைப் பழையபடி போதைக்கு இழுத்துட்டுப் போகும். இதற்குக் கல்வியும் வேலையும் எப்படித் துணை நிற்கும்?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் கென்னத் சில்வர்மேன் குழுவினர், 1990களில் ஒரு பணிக்கூடம் தொடங்கினார்கள். ஹெராயின், கொக்கெய்ன் பழக்கம் உள்ளவர்களுக்குத் தட்டச்சும் கணினிப் பதிவும் கற்றுக்கொடுத்து ஊதியமும் தந்தார்கள். ஒரே நிபந்தனை, சிறுநீர்ப் பரிசோதனையில் போதை இல்லையென்றால்தான் உள்ளே அனுமதி. 40 பெண்களிடம் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், பணிக்கூடத்தில் சேர்ந்தவர்களின் மாதிரிகளில் 59 சதவீதம் போதையின்றி இருந்தன. சேராதவர்களிடம் 33 சதவீதம்தான். ஆனால் பிந்தைய ஆய்வுகளில், ஏற்பாடு நின்றதும் பலர் மறுபடி வழுக்கி விழுந்தார்கள். ஆக, வேலை நிலைக்கணும், கண்காணிப்பும் கூடவே வேணும்.

நண்பர்களே, நாளை நாம் சூப்பர்வைசர் ஆவோம். சிகிச்சை முடிந்து வேலை கேட்டு வருபவரைக் "குடிகாரன்" என்று விரட்டாதீங்க. எங்க அப்பாவை ஒரு பட்டறைக்காரர் சேர்த்துக்கிட்டார். வாரக்கூலியை மட்டும் அம்மா கையில் கொடுத்தார். அந்தக் கூலியில்தான் நான் இன்று பட்டயம் படிக்கிறேன்.