ஓடும் வண்டியின் புகையை அளப்பது எப்படி?

சாலைக்குக் குறுக்கே பாய்ச்சும் ஒளிக்கற்றையால் புகையை அளக்கும் ரிமோட் சென்சிங் கருவி கைக்கு வந்ததும் பலரும் நிழலும் மின் இணைப்பும் உள்ள இடமாகத் தேடுவார்கள். பெரும்பாலும் அது ஏதாவது சிக்னலுக்குப் பக்கத்தில் அமையும். அங்கே எடுத்த அளவைக் கையில் கொடுத்தால் நான் வாங்க மாட்டேன்.

சிக்னலை நெருங்கும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சினுக்கு எரிபொருள் குறைகிறது. புகையில் கார்பன் டை ஆக்சைடும் குறைகிறது. கருவி தருவதோ, மற்ற வாயுக்கள் கார்பன் டை ஆக்சைடுக்கு என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பதை. வகுக்கும் எண் சுருங்கிவிட்டால், ஒழுங்கான வண்டிகூட ஹைட்ரோகார்பனைக் கக்குவதாகக் காட்டும்.

விகிதத்தை விட்டுவிடவும் முடியாது. புகை காற்றில் எவ்வளவு கலைந்ததென்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லா வாயுவும் சேர்ந்தே கலைவதால் விகிதம் மாறாது. 1980களின் பிற்பகுதியில் டென்வர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெட்மன் குழு உருவாக்கிய கருவி இதை நம்பித்தான் ஓடியது.

ஆகவே ஒற்றை வரிசையில் வண்டிகள் போகும், லேசான ஏற்றமுள்ள சாய்தளத்தைத் தேடுங்கள். சிகாகோ பகுதியில் அந்தக் குழு பல ஆண்டுகள் அளந்ததும், ஆல்கான்குவின் சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும் இடத்தில்தான். செங்குத்தான ஏற்றம் ஆகாது. எஞ்சின் திணறி எரிபொருளை அள்ளிக் குடிக்கும்போது கார்பன் மோனாக்சைடு எகிறும். குடியிருப்பு வாசலும் ஆகாது. அங்கிருந்து கிளம்பும் வண்டியில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடாகியிருக்காது. வேகத்தையும் முடுக்கத்தையும் கூடவே பதியுங்கள். அவை இல்லாத அளவு எனக்குக் குப்பை.

கற்றை தரையிலிருந்து சுமார் ஓரடி உயரத்தில் இருக்கட்டும். நம்பர் பிளேட் கேமராவைப் பொருத்துங்கள். சாலை ஈரமாக இருந்தால் கடையை மூடுங்கள்.

சான்றளித்த வாயுக் கலவையைக் கற்றைக்குள் ஊதிச் சரிபார்ப்பதைக் காலையோடு நிறுத்திவிடாதீர்கள். வெயில் ஏற ஏறக் கருவி காட்டும் அளவு நகரும், மதியமும் ஊதுங்கள்.

அட்டவணையில் மைனஸ் எண்களைப் பார்த்ததும் அழிக்கக் கை துறுதுறுக்கும். அழிக்காதீர்கள். சுத்தமான வண்டியின் அளவு பூஜ்யத்துக்கு இருபுறமும் ஆடும். கீழ்ப்பக்கத்தை மட்டும் வெட்டினால் சராசரி பொய்யாக ஏறும். நீக்க வேண்டியது, கார்பன் டை ஆக்சைடே போதுமான அளவு சிக்காத பதிவுகளை. இருசக்கர வண்டிகளில் புகை கொஞ்சம் என்பதால் அப்படி நிறையப் போகும். அதற்கேற்ப அதிக நேரம் ஒதுக்குங்கள்.