நகரக் குப்பை உரம்: மண்ணில் தங்குவது எது?

திருவாண்டார்கோயில், திருபுவனை வட்டாரத்தில் மாடுகள் குறைந்துவிட்டதால் தொழு உரம் கிடைப்பது அரிதாகி வருகிறது. இந்நிலையில் நகரக் குப்பையிலிருந்து செய்த கம்போஸ்ட் வண்டி வாடகைக்கே கிடைக்கிறது என்றால் உழவர்கள் அதை நாடுவது இயல்பே. வாங்கலாமா? தரமானதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். அதைத் தீர்மானிப்பது, குப்பை எவ்வாறு பிரிக்கப்பட்டது என்பதுதான்.

1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்டில் அங்ககக் கரிமம் குறைந்தது 12 சதம் இருக்கவேண்டும். ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது.

ஏக்கருக்கு 2 டன் இடுவதாகக் கொள்வோம். 240 கிலோ கரிமம் மண்ணில் சேரும். நம் வெப்பத்தில் அதில் பெரும்பகுதி சில பருவங்களிலேயே சிதைந்து மறையும். அத்துடன் வந்த ஈயம் அதிக அளவாக 200 கிராம், அது மறையாது. ஓர் ஏக்கரின் மேல்மண் 15 செ.மீ. ஆழத்திற்குச் சுமார் 9 லட்சம் கிலோ. 20 ஆண்டுகள் தொடர்ந்து இட்டாலும் கிலோ மண்ணுக்கு ஏறத்தாழ நாலரை மில்லிகிராம் ஈயமே கூடும். இது அஞ்சத்தக்க அளவன்று.

பிரிக்காத குப்பைமேட்டு மண்ணின் கதை வேறு. பாட்டரி, சாயம், மின்சாதனத் துண்டுகள் எல்லாம் அதில் கலந்து மக்குகின்றன. ஈயம் வரம்பைப்போல் மும்மடங்கு உள்ள மண்ணை, இலவசம்தானே என்று ஏக்கருக்கு 20 டன் அடித்தால், ஒரே தடவையில் 6 கிலோ ஈயம் சேர்ந்துவிடும். 20 ஆண்டுக் கணக்கையும் இது மிஞ்சுகிறது! போபாலிலுள்ள இந்திய மண் அறிவியல் நிறுவனத்தார் பல நகரங்களின் கம்போஸ்டை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவுகளும், பிரித்த குப்பையில் செய்த உரத்தில் கன உலோகங்கள் குறைவு, சத்து அதிகம் என்றே காட்டின.

ஈயம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நெல்மணிக்கு அதிகம் ஏறாது. ஆனால் கீரை, கிழங்குகளில் மண்ணோடு ஒட்டி வரும். காட்மியம் அப்படியல்ல, கதிருக்கே ஏறும். நீர் தேங்கிய வயலில் அடங்கியிருந்து, நீரை வடித்தபின் கரைந்து வேருக்குள் புகும். அமில மண்ணில் இது இன்னும் எளிது.

வாங்குமுன் ஒரு கைப்பிடி உரத்தை வாளி நீரில் கரைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் துணுக்குகள் மிதக்கும், கண்ணாடிச் சில்லுகள் அடியில் தங்கும். வெறுங்காலோடு நாற்று நடும் பெண்களை நினைத்தாவது அத்தகைய உரத்தைத் திருப்பி அனுப்புங்கள். அடுத்து, ஒரு சட்டியில் பாதி உரமும் பாதி வயல்மண்ணும் கலந்து, மற்றொன்றில் வயல்மண் மட்டும் இட்டு, பச்சைப்பயறு விதையுங்கள். நான்கைந்து நாளில் கலவையில் முளைப்பு குன்றினால் உரம் சரியாக மக்கவில்லை, அல்லது உப்பு மிகுதி. அரைகுறையாக மக்கிய உரம் மண்ணின் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்வதால் பயிர் மஞ்சளிக்கும். கிணற்று நீரே உப்பாக உள்ள பாகூர்ப் பகுதி உழவர்கள் உப்பைத் தனியே கவனிக்கவேண்டும். மின்கடத்துத்திறன் 4 டெசிசைமனுக்கு மேற்பட்ட உரம் வேண்டாம்.

தொழிற்சாலைக் கழிவுநீர்ச் சேற்றை உரமென்று யார் தந்தாலும் வயலில் கொட்ட விடாதீர்கள்.

புதுச்சேரிக் குப்பை பல ஆண்டுகளாகக் கொட்டப்பட்டு வந்த குருமாம்பேட்டிலேயே பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளது. உரம் இடுமுன் மண் மாதிரியுடன் அங்குள்ளோரை அணுகலாம். சாதாரண மண் பரிசோதனையில் கன உலோகங்கள் தெரியவாரா. அவற்றுக்கெனத் தனியே கேட்டு விவரம் பெறவேண்டும்.