அரைவட்டப் பாவாடை: அளவு கணித்தலும் தைத்தலும்

மனைப்பொருளியல் – ஆடை தயாரித்தல்

அறிமுகம்

இடை ஒடுங்கியும் கீழ்ப்பகுதி அகன்றும் காணப்படும் பாவாடை 1950களின் மேலைத்தேய ஆடைப்பாணிக்குரியதாகும். 1947 பெப்ரவரியில் பாரிஸ் நகரில் கிறிஸ்டியன் டியோர் வெளியிட்ட ஆடைத் தொகுதி இப்பாணியைப் பரவச் செய்தது. இரண்டாம் உலகப் போரின் பின் துணிக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. பிரித்தானியாவில் 1941 முதல் 1949 வரை ஆடைகள் பங்கீட்டு முறையிலேயே வழங்கப்பட்டன. எனவே பெருமளவு துணி தேவைப்பட்ட இப்பாவாடை வரவேற்பையும் கண்டனத்தையும் ஒருங்கே பெற்றது. இதையொத்த தோற்றத்தைக் குறைந்த துணியில், அன்றாடம் அணியத்தக்கதாகப் பெற உதவுவது அரைவட்டப் பாவாடையாகும்.

1. அளவு கணித்தல்

இடைச்சுற்றளவு 64 சமீ எனவும் இலகுவாக அணிவதற்கு 2 சமீ எனவும் கொண்டால் மொத்தம் 66 சமீ ஆகும். பாவாடையின் நீளம் 60 சமீ; கீழ் விளிம்பு மடிப்பு 2 சமீ.

முழுவட்டத்தின் ஆரை = 66 ÷ (2 × 22/7) = 10.5 சமீ
அரைவட்டத்தின் ஆரை = 66 ÷ 22/7 = 21 சமீ

இது தைக்கும் கோட்டின் ஆரையாகும். இடையில் தையலுக்கு 1.5 சமீ விடவேண்டியிருப்பதால்,

வெட்டும் கோட்டின் ஆரை = 21 – 1.5 = 19.5 சமீ
கீழ் விளிம்பின் ஆரை = 21 + 60 + 2 = 83 சமீ

2. ஒப்பீடு (115 சமீ அகலத் துணி)

முழுவட்டம்: கீழ்ச்சுற்றளவு ஏறத்தாழ 443 சமீ, துணி ஏறத்தாழ 2.9 மீற்றர்.
அரைவட்டம்: கீழ்ச்சுற்றளவு ஏறத்தாழ 255 சமீ, துணி ஏறத்தாழ 1.7 மீற்றர்.

சுருக்கத்தைக் கருதி 1.8 மீற்றர் வாங்குதல் நன்று. பொப்ளின் போன்ற பருத்தித் துணி பொருத்தமானது. பாவாடையின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் நூலோட்டம் வேறுபடுவதால், ஒரே திசை நோக்கிய பூவேலையுள்ள துணியைத் தவிர்க்க வேண்டும்.

3. வெட்டுதல்

(அ) துணியை நனைத்து உலர்த்தி, மின்னழுத்தியால் அழுத்துக.
(ஆ) வெட்டு முனைகள் இரண்டும் ஒன்றுசேருமாறு துணியை மடிக்க. மடிப்பு முன்பக்க நடுவாக அமையும்.
(இ) ஒரு கரையிலிருந்து 2 சமீ உட்புறமாக, கரைக்குச் சமாந்தரமாகக் கோடு வரைக. அது மடிப்பைச் சந்திக்கும் புள்ளியை மையமாகக் கொண்டு 19.5 சமீ, 83 சமீ ஆரைகளில் இரு விற்கள் வரைக.
(ஈ) விற்களைக் கரைவரை நீட்டி வெட்டுக. கோட்டுக்கு வெளியேயுள்ள 2 சமீ பின்பக்க மூட்டுக்குரியது.
(உ) எஞ்சிய துணியில் 72 சமீ நீளமும் 10 சமீ அகலமும் கொண்ட இடைப்பட்டியை வெட்டுக.

4. தைத்தல்

(அ) இடைவளைவு இழுபடாதிருக்க, வெட்டிய விளிம்பிலிருந்து 1 சமீ உள்ளே ஒரு தையல் இடுக.
(ஆ) மேலே 18 சமீ திறப்பு விட்டுப் பின்பக்க மூட்டைத் தைத்து, திறப்பில் சிப் பொருத்துக.
(இ) இடைப்பட்டியை இணைத்து, கொளுக்கியும் கண்ணும் தைக்க.
(ஈ) பாவாடையை ஒரு நாள் தொங்கவிடுக. மூலைவாட்டாக அமைந்த பகுதிகள் தம் பாரத்தால் நீளும். அதன்பின் நிலத்திலிருந்து ஒரே உயரத்தில் அளந்து சமப்படுத்தி, கீழ் விளிம்பை மடித்துத் தைக்க.

5. மாதிரி வினா

மாணவி ஒருத்தி மேற்கூறிய பாவாடைக்கு 21 சமீ ஆரையில் இடைவளைவை வெட்டி, 1.5 சமீ உள்ளே தைத்தாள். விளைவு யாது? காரணம் தருக.

விடை: தைத்த கோட்டின் ஆரை 22.5 சமீ ஆகும். இடை 22.5 × 22/7 = 70.7 சமீ ஆகிவிடும், அதாவது 4.7 சமீ தளர்வாக இருக்கும். தையல் விளிம்பைக் கழிக்காமல் வெட்டியமையே காரணம்.

கவனத்திற் கொள்க: சிறிதாக வெட்டிய இடைவளைவை மீண்டும் வெட்டிப் பெரிதாக்கலாம். பெரிதாக வெட்டியதைச் சிறிதாக்க முடியாது. சுருக்குப் பிடித்தோ பின்மூட்டை உள்வாங்கியோதான் சமாளிக்க நேரிடும். ஆகவே கத்தரிக்கோலை எடுக்குமுன் கணிப்பை இருமுறை சரிபார்க்க வேண்டும்.