சந்தோஷமும் கற்றுக்கொள்வதே

திருவனந்தபுரத்தில் பிழைக்க வந்த நமக்கு, ஊரிலிருந்து நல்ல சேதி வந்தால் மகிழ்ச்சி. சம்பளம் தாமதித்தால் சோர்வு. பவுல் அப்போஸ்தலர் பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் காட்டும் சந்தோஷம் வேறு. நான்கே அதிகாரங்கள், சிறையிலிருந்து எழுதியது. அதே பிலிப்பியில் முன்பு அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையிலும் நடுராத்திரியில் தேவனைத் துதித்துப் பாடியவர் அவர்.

மனரம்மியத்தைத் தாம் கற்றுக்கொண்டதாகவே நான்காம் அதிகாரத்தில் சொல்கிறார். அப்படியானால் நாமும் கற்கலாம். கவலையை ஜெபமாக்குவது, நன்றி சொல்வது, இருப்பதைப் பகிர்வது ஆகியவை அங்குள்ள பாடங்கள்.

இரவு ஜெபத்தில், அன்று கர்த்தருக்கு நன்றி சொல்ல வேண்டிய ஒரு காரியத்தை என் பிள்ளைகளிடம் கேட்கிறேன். கஷ்டங்கள் தீர்ந்துவிடவில்லை, ஆனால் அவை எங்கள் வீட்டை ஆளுவதில்லை. இன்றிரவே நீங்களும் கேட்டுப் பாருங்கள்.