வாயிலில் தொடங்கும் காவல்

காய்ச்சல், தலைவலி, உடற்சோர்வு ஆகியவற்றோடு ஒருவர் சிற்றூர் மருத்துவமனைக்கு வருகிறார். மலேரியா மிகுந்த நாட்டில் செவிலியர் அதனை மலேரியா என்றே கருதுவார். குருதி எடுப்பார், வாந்தியைத் துடைப்பார். கையுறை தீர்ந்துபோயிருந்தால் வெறுங்கையாலேயே அப்பணிகளைச் செய்வார். 2014ஆம் ஆண்டில் கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் எபோலா பரவியபோது பல இடங்களில் நிகழ்ந்தது இதுவே. அக்கொள்ளைநோயில் 800க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் தொற்றுக்கு ஆளாயினர். அவர்களுள் 500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கெனெமா அரசு மருத்துவமனையில் எபோலா நோயாளர்களைக் காத்துவந்த மருத்துவர் ஷேக் உமர் கானும் அவர்களுள் ஒருவர்.

தொற்றுற்றோருள் பலர், எபோலாவுக்கெனத் தனியே அமைந்த சிகிச்சை மையங்களில் பணியாற்றியவர் அல்லர். ஐயமே எழாத பொது மருத்துவமனைகளில் பணியாற்றியவர்கள். உயிரிழந்தோரின் தியாகத்தைப் போற்றிய உலகுக்கு, அவர்கள் உயிரோடு இருந்தபோது போதிய கையுறைகளை அனுப்புவது கடினமாக இருந்தது போலும்!

எனவே காவல் வாயிலிலேயே தொடங்க வேண்டும். வருவோரின் உடல்வெப்பத்தைத் தொடாமலே அளந்து, நோயுற்றவரோடு பழகினாரா, இறுதிச்சடங்கில் பங்கேற்றாரா எனச் சற்றுத் தொலைவில் நின்று வினவுதல் வேண்டும். ஐயத்திற்குரியவரைத் தனியறையில் அமர்த்துதல் வேண்டும். எவருடைய குருதியாயினும் அது தொற்றுடையது என்றே கருதிக் கையாளுதல் வேண்டும்.

கவச உடை அணிவதைவிடக் களைவதே இடர்மிக்கது. நோயாளரின் உடல்நீர்மங்கள் அப்போது அதன் வெளிப்புறத்தில் படிந்திருக்கக்கூடும், அணிந்தவரோ களைத்திருப்பார். வியர்வை வழியும் நெற்றியைத் துடைக்கக் கை தானாகவே உயரும். இதனாலேயே களையும் இடத்தில் பயிற்சி பெற்ற மற்றொருவர் நின்று ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்கிறார். ஒவ்வொரு படிக்கும் இடையே குளோரின் கலந்த நீரால் கைகளைக் கழுவ வேண்டும். உடையின் வெளிப்புறம் உள்ளே அடங்குமாறு சுருட்ட வேண்டும். கண்ணாடியை முன்புறம் தொடாமல், பின்புற வாரைப் பற்றிக் கழற்ற வேண்டும். பார்ப்பவர் 'நிறுத்துக' என்றால், களைபவர் தலைமை மருத்துவரே ஆயினும் நிறுத்தியாக வேண்டும்.

வெப்பநாடுகளில் இவ்வுடையோடு ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்கு மேல் பணியாற்றுதல் அரிது. ஆகவே பணிமுறை வகுப்போர் நோயாளர் எண்ணிக்கையோடு, உடை அணியவும் களையவும் ஆகும் நேரத்தையும் கணக்கிட வேண்டியுள்ளது.